டான்சனைட்: பார்த்து வாங்குவதும் பதித்து அணிவதும்

டான்சனைட் என்று யார் கல்லை நீட்டினாலும் நான் முதலில் எடையைக் கேட்பதில்லை, சான்றிதழையும் பிரிப்பதில்லை. சாமணத்தால் கல்லின் விளிம்பைப் பிடித்து, வெள்ளைத்தாளுக்கு மேலே வைத்து மெதுவாகச் சுழற்றுவேன். நேரே பார்க்கும்போது நீலமாக இருந்த கல், பக்கவாட்டில் திரும்பியதும் ஊதாவுக்குப் போகும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால், சில கற்களில் ஒரு மூலையில் ஆழ்ந்த சிவப்பு மின்னிவிட்டு மறையும். அது தெரிந்தால்தான் அடுத்த பேச்சு.

நகைக்குக் கல் பதிப்பது என் தொழில். மற்றக் கற்களுக்குச் சொல்லும் யோசனையை அப்படியே இந்தக் கல்லுக்குச் சொல்ல முடியாது. காரணம் இரண்டு. இதன் நிறம் திசைக்கும் வெளிச்சத்துக்கும் தக்கபடி மாறும். இதன் உடம்பு அடியையும் திடீர்ச் சூட்டையும் தாங்காது. இந்த இரண்டும் மனதில் பதிந்துவிட்டால் வாங்குவதிலும் ஏமாற மாட்டீர்கள், வாங்கியதையும் உடைக்க மாட்டீர்கள்.

கல்லின் ஊர் ஒன்றே ஒன்றுதான். வடக்குத் தான்சானியாவில் மன்யாரா மாகாணத்து மெரெலானி குன்றுகள், கிளிமஞ்சாரோ மலைக்குப் பக்கம். டான்சனைட் என்பது ஜோய்சைட் என்கிற கனிமத்தின் ஒரு வகை. அந்தக் கனிமம் பல நாடுகளில் உண்டு. ஆனால் வனேடியம் கலந்து இந்த நீல ஊதா நிறம் பெற்று, நகைக்கு ஆகும் அளவில் கிடைப்பது அந்தச் சில கிலோமீட்டர் நிலத்தில் மட்டும். 1967ல் தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. அந்தக் கல்லைக் கண்டெடுத்தவர் ஜுமானே ங்கோமா என்று தான்சானிய அரசு பின்னாளில் கௌரவித்தது. அதே 1967ல் அங்கே சுரங்க உரிமை பதிந்தவர் கோவாவில் பிறந்த தையல்காரர் மானுவல் டிசோசா. 1968ல் நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம் நாட்டின் பெயரையே கல்லுக்கு வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடத்தலைத் தடுக்க 2018ல் அந்தச் சுரங்கப் பகுதியைச் சுற்றி 24 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவரே எழுப்பினார்கள். 2020ல் சனினியு லைசர் என்ற சிறு சுரங்கக்காரர் 9.27 கிலோவும் 5.1 கிலோவுமாக இரண்டு பெரிய கற்களை எடுத்து, அரசுக்கே 774 கோடி தான்சானிய ஷில்லிங்குக்கு விற்றார்.

இதையெல்லாம் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. "இது வேற நாட்டு டான்சனைட், அதனால விலை குறைவு" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

நிறத்தை எப்படிப் பார்ப்பது

கடையின் விளக்குக்குக் கீழே பார்த்த நிறத்தை நம்பி இந்தக் கல்லை வாங்கக் கூடாது. பகல் வெளிச்சத்திலும் வெள்ளை எல்இடி விளக்கிலும் நீலம் தூக்கலாக இருக்கும். மஞ்சள் பல்பின் வெளிச்சத்தில் அதே கல் ஊதாவுக்குச் சாயும். இது குறை இல்லை, கல்லின் குணம். எனக்கு இந்தக் கல்லில் பிடித்ததே இதுதான். ஆனால் நீங்கள் மாலை விசேஷங்களுக்குப் போட வாங்குகிறீர்களா, பகலில் வேலைக்குப் போடவா என்பதைப் பொறுத்து உங்களுக்கு வேண்டிய நிறம் எந்த வெளிச்சத்தில் தெரிய வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கல்லை மூன்று இடத்தில் பாருங்கள்: வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம், வெள்ளை விளக்கின் கீழ், மஞ்சள் விளக்கின் கீழ். மூன்றிலும் உயிரோடு இருக்கிற கல்லை எடுங்கள். ஒரு வெளிச்சத்தில் ஜொலித்து இன்னொன்றில் சாம்பல் பூத்து நிற்கிற கல் வேண்டாம்.

போனில் அனுப்பும் வீடியோவை வைத்து நிறத்தை முடிவு செய்யவே செய்யாதீர்கள். கேமரா இந்த நீலத்தையும் ஊதாவையும் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும். வேறு வழியில்லை, தூரத்திலிருந்துதான் வாங்க வேண்டும் என்றால், பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எழுதித் தருகிறவரிடம் மட்டும் வாங்குங்கள்.

பட்டை தீட்டியவர் செய்த முடிவும் நிறத்தில் தெரியும். இந்தப் படிகத்தை மூன்று திசையில் பார்த்தால் மூன்று நிறம் தெரியும். உலையில் சூடு காட்டாத கல்லில் நீலம், ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள் கலந்த பழுப்பு. மேல்தளத்தை எந்தத் திசையில் வைக்கிறோமோ அந்த நிறம்தான் முகத்தில் நிற்கும். படிகம் வளர்ந்திருக்கும் வாக்கில் ஊதா முகமாக அறுத்தால் எடை நிறைய மிஞ்சும், நீல முகமாக அறுத்தால் கழிவு அதிகம் போகும். அதனால்தான் ஒரே எடையில் ஆழ்ந்த நீல முகம் உள்ள கல்லுக்கு விலை கூடுதல். விலை கூடுதல் என்பதாலேயே அதுதான் உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். தெளிவான, அடர்ந்த ஊதாக் கல்லைக் குறைந்த விலையில் எடுத்துப் பதித்தால் மஞ்சள் தங்கத்தில் அது தனி அழகு. சந்தை எதைச் சொன்னாலும், உங்கள் கண்ணுக்கு எது பிடிக்கிறதோ அதை வாங்குங்கள்.

அளவும் நிறத்தோடு சேர்ந்த விஷயம். இந்தக் கல்லில் ஆழ்ந்த நிறம் வர உடம்பு வேண்டும். கல்லின் எடை அளவான கேரட்டில் ஒன்றுக்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் வெளிறிய லாவெண்டராக இருக்கும். ஐந்து கேரட்டுக்கு மேலே போகப் போகத்தான் அந்தப் பேர்போன அடர் நீலம் சாதாரணமாகக் கிடைக்கும். ஆகவே பொடிக்கல்லில் மிக அடர்ந்த நிறம், அதுவும் ஒரு சரம் முழுக்க ஒரே சீராக இருந்தால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கோபால்ட் பூச்சு பூசிய டான்சனைட் 2008ல் பிடிபட்டது. வெளிறிய கல்லின் அடிப்பக்கத்தில் மெல்லிய படலமாகப் பூசியிருந்தார்கள். பத்து மடங்கு லூப்பில், அதாவது கையடக்க உருப்பெருக்கிக் கண்ணாடியில், பட்டைகள் சந்திக்கும் கோடுகளைப் பாருங்கள். பூச்சு இருந்தால் அந்தக் கோடுகளில் தேய்ந்து வெளிறித் தெரியும், சில இடங்களில் எண்ணெய் மிதப்பது மாதிரி பளபளப்பும் தெரியும். கல்லைத் தண்ணீரில் போட்டு வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பார்த்தால் இன்னும் சுலபமாகக் காட்டிக்கொடுக்கும்.

நீரோட்டமும் வெட்டும்

டான்சனைட் பொதுவாகத் தெளிவான கல். நல்ல நீரோட்டம், அதாவது உள்தெளிவு, உள்ளது தாராளமாகக் கிடைக்கும் என்பதால், வெறுங்கண்ணுக்கே கரும்புள்ளியோ மேகமோ தெரிகிற கல்லுக்கு முழு விலை கொடுக்கத் தேவையில்லை. உள்ளே நடுவில் அடங்கிக் கிடக்கும் சிறு புள்ளியைப் பற்றி நான் அலட்டிக்கொள்வதில்லை. விளிம்பைத் தொடும் விரிசல்தான் எனக்குப் பகை. லூப்பைக் கண்ணோடு ஒட்டி வைத்து, கல்லை நூலளவு நூலளவாகச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே தட்டையான ஒரு தகடு மாதிரி ஏதாவது திடீரென்று வானவில் நிறத்தில் பளிச்சிட்டால் அது விரிசல். அது விளிம்புவரை வந்திருந்தால் அந்தக் கல்லை வாங்காதீர்கள். பதிக்கும்போதே போகலாம், பதித்த பிறகு மேசையில் கை பட்டும் போகலாம்.

வெட்டைச் சோதிக்க அச்சடித்த தாள் போதும். கல்லை எழுத்தின் மேல் முகம் மேலாக வையுங்கள். நடுவில் எழுத்து படிக்கும் அளவுக்குத் தெரிந்தால், வெளிச்சம் திரும்பி வராமல் அடிவழியாக ஒழுகுகிறது என்று பொருள். நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் நிறம் நிற்கும். இதற்கு நேர்மாறாக, எடையைக் காப்பாற்ற வயிறு பெருத்த கல்லும் வரும். எடைக்குக் காசு வாங்குவார்கள், முகம் சின்னதாக இருக்கும். அதனால் கேரட்டோடு மில்லிமீட்டரையும் கேளுங்கள். சரியாக வெட்டிய வட்டக்கல் ஒரு கேரட்டுக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் குறுக்களவு இருக்கும்.

சூடு காட்டிய கல்லா என்று கேட்டு நிறையப் பேர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். மண்ணிலிருந்து வரும்போது பெரும்பாலான கற்கள் பழுப்பாகத்தான் இருக்கும். 500, 600 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடு காட்டினால் பழுப்பு போய் நீலமும் ஊதாவும் நிற்கும். அந்த நிறம் நிரந்தரம், வெயிலில் மங்காது. சந்தையில் உள்ள எல்லாக் கல்லும் இப்படி வந்தது என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். "சூடு காட்டாத கல், அதனால் இரட்டை விலை" என்பவரிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். ஒரு திசையில் மஞ்சள் பழுப்பு இன்னும் தெரிகிற கல்லைச் சூடு காணாதது என்று சொல்லலாம். அது தெரியாத கல்லில், பூமியே காட்டிய சூடா, உலையில் காட்டிய சூடா என்று பிரிப்பது ஆய்வகத்துக்கே கடினம். பிரிக்க முடியாத ஒன்றுக்கு நீங்கள் ஏன் இரட்டை விலை கொடுக்க வேண்டும்?

போலியைக் கண்டுபிடிப்பது

ஆய்வகத்தில் வளர்த்த டான்சனைட் விற்பனையில் கிடையாது. "லேப் டான்சனைட்" என்று விற்பது வேறு ஏதோ ஒரு பொருள்தான்: கண்ணாடி, வைரம் போல விற்கும் செயற்கைக் கல்லான கியூபிக் சிர்கோனியாவை நிறமேற்றியது, ஃபார்ஸ்டெரைட் என்ற கனிமத்தைச் செயற்கையாக வளர்த்தது.

முதல் சோதனை நான் மேலே சொன்ன சுழற்றல்தான். கண்ணாடியும் சிர்கோனியாவும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே நிறம். இதை இன்னும் தெளிவாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. போலராய்டு கண்ணாடி, அதாவது கண்கூச்சத்தைக் குறைக்கும் குளிர்கண்ணாடியின் ஒரு சில்லைக் கல்லுக்கும் கண்ணுக்கும் நடுவில் பிடித்து, அந்தச் சில்லைக் கால்வட்டம் திருப்புங்கள். டான்சனைட் என்றால் நீலம் ஊதாவாகும், இன்னொரு கால்வட்டத்தில் திரும்ப நீலமாகும். ஒரு திசையில் மாற்றம் தெரியாவிட்டால் கல்லைச் சாய்த்து இன்னொரு திசையிலும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். முதல் தடவை இதைப் பார்ப்பவர்கள் சில்லை எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். அவ்வளவு துலக்கமான மாற்றம் அது.

அயோலைட் என்ற வேறொரு ரத்தினமும் நிறம் மாறும் கல்தான், நிறமும் இதற்குக் கிட்டத்தில் வரும். ஆனால் அதை ஒரு திசையில் பார்த்தால் நீலமே வடிந்து வெளிறிய மஞ்சள் சாம்பலாகிவிடும். பதிக்காத கல்லாக இருந்தால் எடையை வைத்தும் பிரிக்கலாம். கேரட் தராசில் காற்றில் ஒருமுறை, நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒருமுறை எடை போடுங்கள். தண்ணீரில் எவ்வளவு எடை குறைந்ததோ, அதால் காற்றில் உள்ள எடையை வகுங்கள். டான்சனைட்டுக்கு 3.35 பக்கம் வரும். அயோலைட்டுக்கு 2.6, நீலக்கல்லுக்கு 4, சிர்கோனியாவுக்கு 5.6க்கு மேலே. ஃபார்ஸ்டெரைட் மட்டும் இந்தச் சோதனையில் தப்பிவிடும், ஏனென்றால் அதன் எண்ணும் கிட்டத்தட்ட இதே. அதை லூப்தான் பிடிக்கும். மேல்தளம் வழியாகப் பார்த்தால் அடிப்பட்டைக் கோடுகள் ஒவ்வொன்றும் இரட்டை இரட்டையாகத் தெரியும். டான்சனைட்டில் அவை ஒற்றைக் கோடாகத்தான் தெரியும்.

விலை பெரிதாக இருந்தால் இத்தனைக்குப் பிறகும் ஆய்வகச் சான்று கேளுங்கள். சான்றில் கல்லின் எடை, அளவு, பூச்சு உண்டா இல்லையா மூன்றும் இருக்க வேண்டும். அதில் உள்ள அளவை உங்கள் கண்முன்னே அளந்து சரிபாருங்கள். அது அந்தக் கல்லின் சான்றுதானா என்பதுதான் முதல் கேள்வி.

எந்த நகைக்கு, எப்படிப் பதிப்பது

என்னிடம் கேட்டால், டான்சனைட்டுக்கு ஏற்ற இடம் காதும் கழுத்தும். தோடு, ஜிமிக்கி, பெண்டன்ட் எதுவானாலும் சரி. தினசரி மோதிரத்துக்கு இது ஆகாது என்று நான் வருகிற எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். கீறலைத் தாங்கும் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இது 6க்கும் 7க்கும் நடுவில்தான். காற்றில் பறக்கும் தூசியில் உள்ள குவார்ட்ஸ் மணலே 7. துணியால் அழுத்தித் துடைத்தாலே நாளாவட்டத்தில் மேல்தளம் மங்கும். அதைவிடப் பெரிய பயம் உள்ளே இருக்கிறது. இந்தப் படிகம் ஒரு திசையில் சுத்தமாகப் பிளக்கும் இயல்புள்ளது. வாக்குப் பார்த்துக் கோடரி போட்டால் விறகு பிளப்பது போல, அந்தத் திசையில் ஓர் அடி விழுந்தால் கல் இரண்டாகிவிடும். கதவுப்பிடி, வாஷ்பேசின் ஓரம், வண்டியின் பிரேக் கம்பி, எது வேண்டுமானாலும் அந்த அடியாகலாம்.

ஒருவர் கொண்டுவந்த மோதிரம் கண்முன்னே நிற்கிறது. "கல் கொஞ்சம் மங்கலா இருக்கு, பாலிஷ் மட்டும் போடுங்க" என்றார். லூப்பில் பார்த்தால் மேல்தளம் முழுக்க முடி மாதிரிக் கீறல்கள். அது பரவாயில்லை. கல்லைப் பிடிக்கும் உலோக நகங்களான பிராங்குகளில் ஒன்றின் அடியிலிருந்து கல்லின் பாதி தூரம் வரை மெல்லிய தகடாக ஒரு விரிசல், சாய்த்தால் பச்சையும் ரோஜா நிறமுமாக மின்னியது. அந்தப் பிராங் மட்டும் மற்ற மூன்றைவிடக் கல்லை இறுக்கிப் பிடித்திருந்தது. இறுக்கமும் ஓர் அடிதான், மெதுவாக விழுகிற அடி.

அதனால், மோதிரமாகத்தான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால், கல்லைச் சுற்றி முழுக்க உலோகச் சுவர் எழுப்பிப் பதிக்கச் சொல்லுங்கள். சுவர் மேல்தளத்தைவிடக் கடுகளவாவது உயர்ந்து நிற்கட்டும். சுவருக்கு உயர் கேரட் தங்கம், அதாவது கலப்பு குறைந்த தங்கம், நல்லது, மெதுவாக மடங்கும், கல்லை அழுத்தாது. சதுரம், பேரிக்காய் வடிவம் போன்ற முனை உள்ள கற்களுக்கு முனையை மூடும் வி வடிவப் பிராங் கட்டாயம். வேலை செய்பவரிடம் இரண்டைச் சொல்லிவிடுங்கள். கல் உட்காரும் இருக்கை கல்லின் வடிவத்துக்குச் சரியாகக் குடைந்திருக்க வேண்டும், ஒரு புள்ளியில் மட்டும் கல்லைத் தாங்கக் கூடாது. சுத்தியல் வைத்துத் தட்டி மூடக் கூடாது, தள்ளுளியால் எதிரெதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி மூட வேண்டும். நான் ஒரு பக்கம் தள்ளிவிட்டு, நேரெதிர்ப் பக்கம் போய், ஒவ்வொரு சுற்றுக்கும் லூப் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த சுற்றுக்குப் போவேன். நேரம் ஆகும், ஆகட்டும்.

பின்னாளில் அளவு குறைக்கவோ கூட்டவோ நகையைக் கொடுத்தால், "இது டான்சனைட், கல்லைக் கழற்றிவிட்டுத்தான் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்க வேண்டும்" என்று வாயால் சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். நீலக்கல் என்று நினைத்து அப்படியே நெருப்பைக் காட்டுகிறவர்கள் உண்டு. நீலக்கல் தாங்கலாம், இது வெடித்துவிடும். கழற்றாமல் செய்கிறேன், கூலி குறைவு என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பற்றவைத்த பிறகு அமிலத்தில் போட்டு எடுப்பதும் கல் இல்லாமல்தான் நடக்க வேண்டும்.

வீட்டில் பார்த்துக்கொள்வது

வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு மென்மையான சோப்பு, குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ். கல்லின் அடிப்பக்கத்தில்தான் எண்ணெயும் பவுடரும் அடையும், அங்கே தேயுங்கள். அடி அழுக்கானால் நிறம் செத்துப்போகும், கழுவினால் திரும்ப வரும். அதே வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, மெத்தென்ற துணியில் ஒற்றி எடுங்கள். சூடான தண்ணீரில் கழுவிக் குளிர்ந்த தண்ணீரில் முக்குவது கூடவே கூடாது. கடையில் அதிர்வுத் தொட்டியில் போட்டுத் தருகிறோம், நீராவி அடித்துத் தருகிறோம் என்று அன்போடுதான் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று உள்ளே இருந்தால் அந்த அதிர்வே அதை முழுப் பிளவாக்கிவிடும்.

சமைக்கும்போதும், பாத்திரம் தேய்க்கும்போதும், நீச்சலுக்குப் போகும்போதும் கழற்றி வையுங்கள். வைரத்தோடும் நீலக்கல்லோடும் ஒரே பெட்டியில் போடாதீர்கள், அவை இரண்டும் இதைக் கீறிவிடும். தனித் துணிப்பையில் வைத்தால் போதும். வாசனைத் திரவியமும் ஸ்பிரேயும் அடித்துக் காய்ந்த பிறகு நகையைப் போடுங்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை பிராங்குகளைச் சரிபார்க்கக் கொடுங்கள். நீங்களும் வீட்டில் பார்க்கலாம். காதோரம் பிடித்து மெதுவாக ஆட்டினால் டிக் டிக் என்று சத்தம் வந்தால் கல் ஆடுகிறது. மேல்தளம் கீறி மங்கியிருந்தால் கல்லைக் கழற்றி மறுபடி மெருகேற்றலாம், எடை கொஞ்சம் குறையும். ஓரத்தில் சில்லு தெறித்திருந்தாலும் பட்டையை மாற்றிப் போட்டுக் காப்பாற்ற முடியும். எதைச் செய்யக் கொடுத்தாலும், கொடுக்கும்முன் எடையையும் மில்லிமீட்டர் அளவையும் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உள்ள விரிசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு சின்னப் படமாக வரைந்து, அதிலும் கையெழுத்து வாங்குங்கள்.